பொன்னாடையோடு நிறுத்திக்கொண்டோம்

சிறுகதைப் போட்டிக்கு விதிமுறை எழுதுவது நாம்தான். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். எழுத்துப்பிழை மலிந்த கதைகள் பரிசீலிக்கப்பட மாட்டா. சொந்தக் கற்பனையே என்ற உறுதிமொழியைத் தம் கைப்பட எழுதி இணைக்க வேண்டும். யாரோ எப்போதோ எழுதிவைத்த வரிகள் இவை. ஆண்டுதோறும் கடைசித் தேதியை மட்டும் மாற்றி வெளியிடுகிறோம். பார்வை மங்கி, பேனா பிடித்து ஒரு வரி நேராக எழுத முடியாத ஒருவர் இந்த அறிவிப்பைக் கேட்டதும் கதையை அனுப்பாமலே விட்டுவிடுவார் என்று நமக்குத் தோன்றியதில்லை. நாம் என்பதில் பத்திரிகை நடத்துகிறவர்கள், பதிப்பிக்கிறவர்கள், நடுவராக உட்காருகிறவர்கள், மெய்ப்புப் பார்க்கிறவர்கள், விமர்சனக் கூட்டத்தில் மைக் பிடிக்கிறவர்கள், வாங்கிப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. ஒதுங்கி நின்று விரல் நீட்டும் உரிமை இதை எழுதுகிறவனுக்கும் கிடையாது.

அந்த இரண்டாவது விதியையே எடுத்துக்கொள்வோம். கைபேசி வாசித்துக் காட்ட, காதால் கேட்டு எழுதுகிறவருக்கு எங்கே ‘ந’, எங்கே ‘ன’ என்று ஒலியில் பிரியாது. ‘அரை’யும் ‘அறை’யும் ஒன்றுபோலவே விழும். வாயால் சொல்லித் தட்டச்சு செய்தால் ‘வலி’ என்றது ‘வழி’ ஆகும். ‘பல்லி’ என்றது பள்ளிக்கூடம் போய்விடும். நிறுத்தற்குறி வராது, பத்தி பிரியாது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டமாக ஓடும் ஒரு கோப்பு நம் மின்னஞ்சலுக்கு வந்து சேர்கிறது. முதல் பத்து வரியிலேயே ஏழெட்டுப் பிழை. ‘தமிழே தெரியாம கதை எழுத வந்துட்டாங்க’ என்று மூடிவிடுகிறோம். இதே நாம்தான், பேர்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் கோழி கிளறிய கையெழுத்தை ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பிரித்தெடுத்து, பிறகு அந்தச் சிரமத்தைப் பெருமையோடு நினைவுக் கட்டுரையிலும் எழுதியவர்கள். பிழை திருத்தும் பொறுமை நமக்கு உண்டு. அதை யாருக்குச் செலவழிப்பது என்பதில்தான் கணக்குப் பார்த்தோம்.

மேடையில் பேசச் சொன்னால் மட்டும் நம்மிடம் கதைக்குப் பஞ்சமில்லை. இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்கு நடக்க முடியாது. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராகப் போய், வெண்பாவில் பாதியை ஒருவர் சொல்ல மீதியை மற்றவர் முடித்தார். அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு முதுகில் எழுத்தை எழுதிக்காட்டித் தமிழ் சொல்லிக்கொடுத்தார்களாம். பழனியில் 1836இல் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் மூன்று வயதில் அம்மையில் கண்ணைப் பறிகொடுத்து, பின்னாளில் சேதுபதிகளின் அவையில் பாடிப் பேர் வாங்கினார். முதுகில் எழுதிய கதை எல்லோருக்கும் தெரியும். அதே வீரராகவரின் ‘சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ்’, ‘திருக்கழுக்குன்றப் புராணம்’ இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? வித்தை பிடித்துவிட்டது. வேலை மறந்துவிட்டது.

நவீன இலக்கியத்திலும் நம் போக்கு மாறவில்லை. கு.ப. ராஜகோபாலன் 1902இல் பிறந்து 1944இல் போனவர். நாற்பத்திரண்டு வயதுக்குள் சிறுகதையைச் செதுக்கி வைத்துவிட்டுப் போனார் என்று சொல்லாத விமர்சகர் இல்லை. மேலூர் தாலுகா அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், முப்பதை ஒட்டிய வயதில் கண்ணில் புரை விழுந்து வேலையை விட்டார். பார்வை இல்லாத அந்த நாட்களில் அவர் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதினார். பிறகு சிகிச்சையில் பார்வை திரும்பியது. எழுதிக்கொடுத்த தங்கையும் எழுத்தாளர் ஆனார். இதை வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டு, நேரே ‘விடியுமா?’வுக்கும் ‘ஆற்றாமை’க்கும் போய்விடுகிறோம்.

அந்த ஒரு வரியில் கொஞ்சம் நின்றிருக்கலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் சொல்லாமல் கிடப்பதையெல்லாம் கதையாக்கியவர் கு.ப.ரா. 1930களின் கும்பகோணத்து வீட்டில், உடன்பிறந்த தங்கையிடம் வாய்விட்டு ஒரு கதையைச் சொல்லி எழுதவைப்பது எப்பேர்ப்பட்ட காரியம்! எங்கே தயங்கியிருப்பார், எதை விழுங்கியிருப்பார், எந்த வாக்கியத்தைத் தங்கை தானே முடித்திருப்பார்? அவர் கதைகளில் நாம் கொண்டாடும் அந்தச் சிக்கனம், சொல்லாமல் விட்டுவிடும் அந்த இடங்கள், இவற்றுக்கும் சொல்லி எழுதவைத்த பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பாலியல் நுட்பம், பாத்திர வார்ப்பு, வடிவ அமைதி என்று ஆயிரம் கட்டுரை எழுதிய நமக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. எழுத்து என்றால் கண்ணும் கையும் சேர்ந்து தனியறையில் செய்வது என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

மேலூருக்குப் பக்கத்து மதுரையில்தான் 1976இல் டாக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கு.ப.ரா.வின் வேலையைப் பறித்த புரையை இன்று காலையில் போய் எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம். மருத்துவம் தன் பங்கைச் செய்திருக்கிறது. புரை எடுத்தும் தீராத கண்கள் வேறு இருக்கின்றன: சர்க்கரை நோயில் விழித்திரை கெட்டவை, கண்ணழுத்தத்தில் நரம்பு பட்டுப்போனவை, விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும் பரம்பரை நோய் வந்தவை. அந்தக் கண்களை வைத்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு மருத்துவமனை செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. நாம் செய்யவேண்டியது அங்கேதான் தொடங்குகிறது.

பெரம்பலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை கதை எழுதுகிறார். அந்தத் தேயும் நோய்தான். முதலில் இரவில் தடுமாற்றம், பிறகு பார்வையின் ஓரங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி இப்போது நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் மிச்சம். தரையில் கிடக்கும் ஊசி அந்த வட்டத்துக்குள் வந்தால் எடுத்துவிடுவார். எதிரே வந்து நிற்கும் பஸ் தெரியாது. அதனாலேயே பாதிப் பேர் நடிக்கிறார் என்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் குறைபார்வையைப் பார்வையின்மையிலிருந்து பிரித்துத் தனியே சொல்கிறது. நாம் சட்டத்துக்கும் பின்னால் நிற்கிறோம். அவருடைய முதல் தொகுப்பின் வெளியீட்டு அழைப்பிதழில் ‘விழியிழந்தும் ஒளி தந்தவர்’ என்று அச்சடித்தோம். விழி இழந்தாரா என்று அவரைக் கேட்கக்கூட இல்லை.

விழா முடிந்து மேடைக்குப் பின்னால், தோளில் நாம் போர்த்திய பொன்னாடையோடு நின்றவர் கேட்டார்: “கதை நல்லாருக்குன்னு சொல்றீங்களா சார், இல்ல இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு எழுதினேன்ல, அது நல்லாருக்குன்னு சொல்றீங்களா?” பதில் சொல்லாமல் டீ வாங்கப் போய்விட்டோம். மேடையில் பேசியவர்களில் ஒருவரும் தொகுப்பை முழுதாகப் படித்திருக்கவில்லை. படித்திருந்தால் ஒரு கதையையாவது பிடிக்கவில்லை என்று சொல்லியிருப்போம்.

தன்மேல் சந்தேகம் இல்லாத எழுத்தாளர் கிடையாது. இருந்தால் அவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பழகுவது நல்லது. பார்வை குறைந்தவரின் சந்தேகத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு முடிச்சு உண்டு. எழுதியதைத் திரும்பிப் பார்க்க முடியாது. மூன்றாம் பக்கத்தில் கமலம் என்று வைத்த பேர் இருபதாம் பக்கத்தில் கமலா ஆகிவிட்டதா என்று பார்க்க, நமக்குக் கண்ணை ஒரு ஓட்டு ஓட்டினால் போதும். கேட்டு எழுதுகிறவர் அந்த இடத்தைத் தேடித் தேடிக் கேட்க வேண்டும். கேட்டு முடிப்பதற்குள் இருபதாம் பக்கத்தில் எழுத நினைத்தது போய்விடும். இயந்திரக் குரலில் எந்தக் கதையும் அறிக்கை மாதிரிதான் ஒலிக்கும். வீட்டில் யாராவது படித்துக்காட்டினால் அது வேறு வில்லங்கம். “எம் பையன் படிச்சுக் காட்டும்போது கொட்டாவி விட்டான்னா, அது கதைக்கு வந்ததா தூக்கத்துக்கு வந்ததான்னு தெரியாது சார். அன்னிக்கு முழுக்க எழுத மாட்டேன்” என்றார் அந்த ஆசிரியை.

திரு.வி.க. நினைவுக்கு வருகிறார். சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவர், ‘தேசபக்த’னிலும் ‘நவசக்தி’யிலும் தமிழ் உரைநடைக்கு நிமிர்ந்த நடை பழக்கியவர், கடைசி ஆண்டுகளில் கண்ணொளி இழந்தார். பிறர் கையால் எழுதவைத்துக்கொண்டே நூல்களைத் தந்தார். அந்தக் காலத்து நூல் ஒன்றுக்கு ‘முதுமை உளறல்’ என்று பேர் வைத்தார். இன்னொன்றுக்குப் ‘படுக்கைப் பிதற்றல்’. பெரியவரின் அடக்கம் என்று சொல்லி நாம் நகர்ந்துவிட்டோம். அடக்கமாகவே இருக்கட்டும். ஆனால் ஆங்கில அரசுக்கு அஞ்சாமல் தலையங்கம் எழுதிய ஒருவர், தாம் சொன்னதைத் தம் கண்ணால் ஒரு தரம் சரிபார்க்க முடியாத நிலையில், மற்றவர்கள் சொல்வதற்கு முன் தாமே அதை உளறல் என்று சொல்லிக்கொண்டார் என்றால் அதில் கொஞ்சம் கலக்கமும் இருந்திருக்கும். அப்படி ஒரு கோணத்தில் அவரை வாசிக்க நமக்கு மனம் வரவில்லை. முனிவர் என்று கும்பிட்டுவிட்டால் வேலை மிச்சம்.

சந்தேகத்துக்கு மருந்து சக எழுத்தாளர்களைப் படிப்பது. தன் காலத்தில் மற்றவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று தெரிந்தால்தான் தன் இடம் தெரியும். இந்தக் கதவையும் நாம்தான் சாத்திவைத்திருக்கிறோம். எப்படி என்று ஒரு சொல்லில் காட்டலாம். பல ஆண்டுகளாக நம் அச்சகங்களில் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில்தான் புத்தகம் தட்டச்சு ஆனது. இன்றும் பல இடங்களில் அப்படித்தான். திரையில் பார்ப்பவருக்கு ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பானிடம் கொடுத்து எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று வாசிக்கும். ‘அம்மா’ என்பது ‘எம், கே, செமிகோலன், கே, எச்’. ஒரு நாவல் முழுக்க இப்படியே கேட்டால் என்ன ஆகும்?

2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆண்டுகள் எத்தனையோ போய்விட்டன. பக்கம் அமைக்கிறவரின் விரல் பழைய விசைப்பலகைக்குப் பழகிவிட்டது, மென்பொருள் பழசு, மாற்றினால் வரி உடைகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். எழுத்துருவை மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு புத்தகத்துக்கு ஒரு மாலைநேரம் ஒதுக்கினால் போதும்.

சட்டமும் நம் பக்கம் சாய்ந்து பேசவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், ஊனத்தால் அச்சுநூலைப் படிக்க முடியாதவர்களுக்கு ஏற்ற வடிவில் அதை மாற்றிக்கொள்ள உரிமையாளரின் அனுமதி வேண்டாம் என்கிறது. பார்வையற்றோரும் நூல் படிக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது. அடுத்த ஆண்டே அதற்கு முதன்முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் சட்டம் சொல்கிறதே தவிர, பதிப்பாளரே, கோப்பைக் கொடு என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நாம் வசதியாக உட்கார்ந்துகொண்டோம். கோப்பைக் கொடுத்தால் நாளைக்கே வாட்ஸப்பில் சுற்றும் என்பது நம் பயம். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வாட்ஸப்பில் சுற்றுவது பெரும்பாலும் யாரோ அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தது. திருடுகிறவர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. கேட்டு வாங்கிப் படிக்க நினைக்கிறவரிடம் மட்டும் கறாராக இருக்கிறோம். பெரிய எழுத்தில் தனிப் பதிப்பு போடலாமே என்று சிலர் கேட்பார்கள். பார்வையின் நடுப்பகுதி போனவருக்குப் பெரிய எழுத்து உதவும். ஓரம் போனவருக்கு எழுத்து பெரிதாகப் பெரிதாக வட்டத்துக்குள் அடங்குவது குறையும்; நம்முடைய நீள நீளமான வினைமுற்றுகள் பாதியில் வெட்டுப்படும். கோப்பு கையில் இருந்தால் அவரவர் கண்ணுக்கோ காதுக்கோ ஏற்றபடி வைத்துக்கொள்வார்கள்.

படித்துக்காட்ட வரும் தன்னார்வலர்கள் பாடப்புத்தகத்துக்கும் போட்டித் தேர்வுக்கும் முதலிடம் கொடுப்பார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. வேலை கிடைக்க வேண்டுமே. கதையும் கவிதையும் வரிசையில் கடைசி. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளால் சங்க இலக்கியம் யூனிகோடில் கிடைக்கிறது, பாரதி கிடைக்கிறார். போன வருடம் வந்த நாவல் கிடைப்பதில்லை. கடைசியில் பார்வை குறைந்தவர்கள் எழுதி அனுப்பும் கதையைப் படித்துவிட்டு, ‘நடை ரொம்பப் பழசா இருக்கே, இப்ப எழுதறவங்களப் படிங்க’ என்று அறிவுரை சொல்வதும் நாம்தான்.

அர்ஜென்டினாவின் போர்ஹெஸ் பார்வை போன நிலையில் 1955இல் தேசிய நூலகத்துக்கு இயக்குநர் ஆனார் என்பதைச் சொல்லிச் சொல்லி வியக்கும் கூட்டம் இது. கோவையிலேயே ஒருவர் இருந்தார். கோவை ஞானி சர்க்கரை நோயில் பார்வையை இழந்து, அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், 2020இல் மறையும் வரை, மார்க்சியமும் தமிழ் மரபுமாக எழுதிக்கொண்டே இருந்தார். பிறர் வாசிக்கக் கேட்டார், சொல்லி எழுதவைத்தார், ‘தமிழ்நேயம்’ நடத்தினார். பெண்களுக்குச் சிறுகதைப் போட்டி வைத்து, வந்த கதைகளைத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அடுத்தவர் கதையைக் காதால் கேட்டுத் தேர்ந்தெடுக்க அவருக்கு நேரம் இருந்தது. இரண்டு கண்ணும் சரியாக உள்ள நாம் முதல் பத்து வரியோடு மூடிய கோப்புகளைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அந்த ஆசிரியையின் கதை ஒன்றில் கல்யாணப் பந்தி வருகிறது. அவர் எழுதியிருந்தது இப்படி: இலைக்கு மேலே ஒரு கரண்டி வருகிறது, சாம்பார் விழுகிறது, கரண்டி போய்விடுகிறது. பரிமாறியது யார் என்று இல்லை. புடவை இல்லை, முகம் இல்லை. இன்னொரு தரம் கரண்டி வருகிறது. ‘போதுமா’ என்று ஒரு குரல். வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத சின்னம்மாவின் குரல் அது. இலையிலிருந்து கையை எடுக்கவும் முடியாமல், நிமிர்ந்து பார்க்கவும் முடியாமல் கதைநாயகி உட்கார்ந்திருக்கிறாள். நாம் அதைச் ‘சரி’ செய்தோம். காட்சி துண்டு துண்டாக இருக்கிறது, வாசகருக்குப் புரியாது என்று சொல்லி, முதல் வரியிலேயே ‘பச்சைப் பட்டுடுத்திய சின்னம்மா குனிந்து பரிமாறினாள்’ என்று நுழைத்தோம். கதை அந்த வரியிலேயே முடிந்துபோனது. அச்சில் வந்ததை மகன் படித்துக்காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். “நல்லாப் பாக்கறவங்க மாத்தியிருக்காங்க, அதுதான் சரியா இருக்கும்னு நெனச்சேன் சார்.”

லாகூரில் பிறந்து நாலு வயதுக்குள் பார்வை இழந்த வேத் மேத்தா, ‘நியூயார்க்கர்’ இதழில் பல ஆண்டுகள் முகங்களையும் தெருக்களையும் கண்ணால் கண்டவர்போலவே விவரித்து எழுதினார். அது அவர் தேர்ந்துகொண்ட வழி. இவருடைய வழி, தெரிகிற வட்டத்தை அப்படியே வைத்துக்கொள்வது. எது இவருடைய வழி என்று கேட்காமல், நம் கண்ணுக்குத் தெரியும் கல்யாண மண்டபத்தை அவர் கதைக்குள் தூக்கிவைத்தோம். எழுத்துப்பிழைக்காக ஒதுக்கியதைக்கூடச் சோம்பல் என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு என்ன சொல்வது?

இப்போது அவருடைய இன்னொரு கதை கையில் இருக்கிறது. இந்த முறை தொலைபேசியில் உட்கார்ந்து வரிவரியாகப் பேசினோம். மூன்றாம் பத்தி கட்டுரையாகப் போகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை, பிறகு எடுத்துவிடச் சொன்னார். நடுவில் வரும் பாட்டி எதற்கு என்றேன், அதற்கும் ஒத்துக்கொண்டார். கடைசிப் பத்தி அதிகப்படி, அதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது என்றபோதுதான் மல்லுக்கு வந்தார். “அது தெரிஞ்சேதான் வெச்சேன் சார். முடிஞ்சிருச்சுன்னு நீங்க நெனைக்கிறீங்க, அவ நெனைக்கல.” நான் விடவில்லை, அவரும் விடவில்லை. இதழ் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. ப்ரூஃபைப் படமாக அனுப்ப வேண்டாம், யூனிகோடில் அனுப்பினால் தானே ஒரு தரம் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.